கிராஃப் சொன்னால் காது கேட்குமா?

ஜெர்மனியில் ஹானோவருக்குப் பக்கத்தில் 1945ல், யுத்தம் முடிந்த கையோடு ஆரம்பித்த கம்பெனி சென்ஹைசர். இவர்கள் 2015ல் ஒரு ஹெட்ஃபோனை அறிவித்தார்கள். பெயர் எச்.ஈ.1. விலை சுமார் 50,000 யூரோ. அன்றைய ரேட்டில் கிட்டத்தட்ட 35 லட்சம் ரூபாய். அச்சுப்பிழை இல்லை ஸார். முப்பத்தைந்து. லட்சம்.

கொடுத்த காசுக்கு வேடிக்கை உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆம்ப்ளிஃபயர் உட்கார்ந்திருக்கிற பீடம் இத்தாலியின் கராரா சலவைக்கல். மைக்கேலாஞ்சலோ சிலை செதுக்கினாரே, அந்த ஊர்க் கல். ஸ்விட்சைத் தட்டினால் முதலில் குமிழ்கள் மெதுவாக வெளியே நகர்ந்து வரும். அப்புறம் கல்லுக்குள்ளிருந்து எட்டு வால்வுகள், கோயிலில் தீபாராதனைக்குத் திரை விலகுகிற மாதிரி நிதானமாக எழும்பும். கன்னத்தில் போட்டுக்கொள்ளலாமா என்று தோன்றும்.

இது எழுப்பக்கூடிய ஒலி 8 ஹெர்ட்ஸிலிருந்து 1,00,000 ஹெர்ட்ஸ் வரை என்று போட்டிருக்கிறார்கள். மனுஷக் காதுக்குக் கேட்பது 20லிருந்து 20,000 வரை. அதுவும் பள்ளிக்கூட வயசில். நம்மைப் போல முப்பதைத் தாண்டினவர்களுக்கு மேல்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துகொண்டே வரும். அப்படியானால் மீதி 80,000 ஹெர்ட்ஸ் யாருக்கு? வீட்டில் வௌவால் வளர்க்கிறவர்கள் கவனிக்க.

நீங்களும் நானும் 35 லட்சத்துக்கு ஹெட்ஃபோன் வாங்கப் போவதில்லை. வாங்கினால் அதை மாட்டிக்கொண்டு உட்கார வீடு இருக்காது. ஆனால் 3,500 ரூபாயிலும், 35,000 ரூபாயிலும் இதே கேள்வி இருக்கிறது. நல்ல ஹெட்ஃபோன் என்று யார் சொல்ல வேண்டும்? அளந்து பார்த்த மெஷினா, மாட்டிக்கொண்ட ஆசாமியா?

* * *

எனக்கு இரண்டு நண்பர்கள். ஒரே ஆபீஸ். ஒருவர் கிராஃப் கட்சி, இன்னொருவர் காது கட்சி. மதியம் டிபன் பாக்ஸ் திறந்ததும் சட்டசபை கூடிவிடும்.

"இந்த செட்டுல 6,000 ஹெர்ட்ஸ்ல ஒரு கூர்முனை இருக்குடா. கிராஃபைப் பாரு. இதைப் போய் நல்லா இருக்குங்கறே?"

"நான் பாட்டு கேக்கறேன். நீ கிராஃப் கேக்கறே. உனக்கு எதுக்குடா ஹெட்ஃபோன்? பிரின்ட் எடுத்து சுவத்துல மாட்டிக்கோ."

"டிஸ்டார்ஷன் எவ்வளவு தெரியுமா?"

"உன் சாம்பார்ல உப்பு எத்தனை கிராம்? அளந்தா சாப்பிடறே?"

நடுவில் உட்கார்ந்திருக்கிற எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதாகப் படும். பி.காம் படித்ததன் கோளாறு. டெபிட் என்று ஒன்று இருந்தால் கிரெடிட் என்று ஒன்று இருந்தே ஆகவேண்டும்.

கிராஃப் கட்சியின் கொள்கை விளக்கம் இது. நல்ல ஹெட்ஃபோன் என்றால் ரெக்கார்டில் இருப்பதைக் கூட்டாமல் குறைக்காமல் தர வேண்டும். தபால்காரர் லெட்டரைக் கொடுத்தால் போதும், நடுவில் இரண்டு வரி அவராகச் சேர்க்கக் கூடாது. சேர்க்கிறாரா என்று கண்டுபிடிக்க மைக் உண்டு, செயற்கைக் காது உண்டு. தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலி வரை ஒவ்வொன்றும் எவ்வளவு பலமாக வருகிறது என்று கோடு போட்டுக் காட்டிவிடலாம்.

காது கட்சி கேட்கும்: "சரி, அந்தக் கோடு எப்படி இருந்தா நல்லது?"

"நேர்க்கோடா இருக்கணும்" என்பது சட்டென்று வரும் பதில். தப்பான பதிலும் அதுதான்.

* * *

ஒரு பேனா மூடியை எடுத்து உதட்டில் வைத்து ஊதுங்கள். கீச்சென்று விசில் வரும். ஒரு பக்கம் திறந்து, மறுபக்கம் மூடியிருக்கிற குழாய்க்கு என்று சொந்தமாக ஒரு ஸ்வரம் உண்டு. குழாயின் நீளம் அதைத் தீர்மானிக்கிறது.

உங்கள் காதுத் துவாரமும் ஒரு பேனா மூடிதான். நீளம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர். கடைசியில் செவிப்பறை அடைத்துக்கொண்டிருக்கிறது. இதன் சொந்த ஸ்வரம் சுமார் 3,000 ஹெர்ட்ஸ். அதாவது அந்தப் பக்கத்து ஒலிகளை நம் காது தானாகவே நன்றாகத் தூக்கிக் கொடுக்கிறது. இது போதாதென்று காது மடல், தலை, தோள்பட்டை எல்லாம் தம் பங்குக்கு ஒலியை வளைத்து நெளித்து உள்ளே அனுப்புகின்றன. பிறந்ததிலிருந்து இப்படியே கேட்டுக் கேட்டு, இதுதான் இயல்பு என்று மூளை எடுத்துக்கொண்டுவிட்டது.

இப்போது ஹெட்ஃபோன் வருகிறது. தோளையும் தலையையும் சுற்றி வராமல் நேரே காது வாசலில் வந்து நிற்கிறது. தூரத்து ஸ்பீக்கருக்கு உடம்பு செய்துகொடுத்த உபகாரம் இதற்குக் கிடையாது. அதனால் செவிப்பறையில் அளக்கும்போது நேர்க்கோடாக இருக்கிற ஹெட்ஃபோன், பாட்டை ஜமுக்காளம் போர்த்தின மாதிரி மந்தமாகக் கொடுக்கும். 3,000 ஹெர்ட்ஸ் பக்கம் அது வேண்டுமென்றே ஒரு மேடு வைத்திருந்தால்தான் நமக்கு 'நேராக'க் கேட்கும்.

அகவுன்டன்ஸி படித்தவர்களுக்கு இது பழைய விஷயம். ட்ரையல் பாலன்ஸ் டாலி ஆகிவிட்டதால் கணக்கு சரி என்று அர்த்தமில்லை. ஒரு தப்பை இன்னொரு தப்பு ஈடுகட்டியிருந்தாலும் டாலி ஆகும்.

சரி, அந்த மேடு எவ்வளவு உயரம்? கீழே பாஸ் எவ்வளவு? இதை எந்த மெஷினும் சொல்லாது. மனுஷர்களைத்தான் கேட்க வேண்டும். ஆக, கிராஃப் கட்சியின் கோட்டுக்கு அடியில் பார்த்தால், காது கட்சி உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

* * *

கேட்டார்கள். அமெரிக்காவில் ஹார்மன் என்ற கம்பெனியில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி என்று இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 2012 வாக்கில் இந்த வேலையில் இறங்கினார்கள். (ஜே.பி.எல்., ஏ.கே.ஜி. எல்லாம் ஹார்மன் வீட்டுப் பிள்ளைகள். 2017லிருந்து மொத்தக் குடும்பமும் சாம்சங் வசம். ஆகவே ஆராய்ச்சி செய்தது கடைக்காரர்தான் என்பதையும் ஒரு மூலையில் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

முதல் தொல்லை, கேட்பவரின் கண்ணில் ஹெட்ஃபோன் படக் கூடாது. ஆரம்பத்தில் பின்னாலிருந்து ஒருவர் தலையில் மாட்டிவிட்டுப் பார்த்தார்கள். ஆனால் கனத்தையும் மெத்தையின் சுகத்தையும் வைத்தே ஆசாமிகள் இன்னது என்று ஊகிக்கலாம். அதனால் அடுத்து ஒரு தந்திரம் செய்தார்கள். ஒரே ஒரு ஹெட்ஃபோனைத் தலையில் மாட்டி, கம்ப்யூட்டர் மூலம் அதையே மற்ற ஹெட்ஃபோன்களைப் போலப் பாட வைத்தார்கள். மிமிக்ரி. தலையில் ஒரே கனம், குரல் மட்டும் மாறும். எது பிடித்தது என்று மார்க் போடு.

இன்னொரு சோதனையில் பாஸுக்கு ஒரு குமிழ், ட்ரெபிளுக்கு ஒரு குமிழ் கொடுத்து, "உங்களுக்குப் பிடித்தபடி திருப்பிக்கொள்ளுங்கள்" என்று விட்டுவிட்டார்கள். அமெரிக்கா, கனடா, ஜெர்மனி, சீனா என்று நாலு நாட்டு ஜனங்கள் திருப்பினார்கள்.

நாட்டுக்கு நாடு ருசி தாறுமாறாக மாறும் என்றுதானே நினைப்போம்? மாறவில்லை. பெரும்பாலோர் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். ஒரு நல்ல அறையில், நல்ல ஸ்பீக்கர் எப்படிக் கேட்குமோ அதைப் போன்ற ஒலி. அதைத்தான் இன்று 'ஹார்மன் கர்வ்' என்கிறார்கள்.

ஆனால் எல்லாரும் இல்லை. 2018ல் ருசியை வைத்து ஜனங்களைப் பிரித்துப் பார்த்தபோது, நூற்றுக்கு 64 பேர் இந்தக் கோட்டை விரும்பினார்கள். 21 பேர் "பாஸ் கொஞ்சம் குறைவா இருந்தா தேவலை" கோஷ்டி. இவர்களில் ஐம்பது வயது தாண்டினவர்களும் பெண்களும் அதிகம். 15 பேர் "இன்னும் போடு" கோஷ்டி. இவர்களில் பெரும்பாலும் இளவட்ட ஆண்கள். வீட்டில் யார் வால்யூமைக் குறைக்கச் சொல்கிறார்கள், யார் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள் என்று யோசித்தால் இதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை.

இந்தக் கணக்கை நிதானமாகப் படிக்க வேண்டும். 64 என்பது பெரிய மெஜாரிட்டி. "ருசி அவனவன் இஷ்டம், அதில் விஞ்ஞானத்துக்கு என்ன வேலை" என்று காது கட்சி இனிமேல் பேச முடியாது. ருசிக்கும் ஒரு பொது ஒழுங்கு இருக்கிறது. அதே சமயம் மிச்சம் 36 பேரும் மனுஷர்கள். மூன்று பேரில் ஒருவருக்கு மேல். "கோட்டிலிருந்து விலகினது மட்டம்" என்று கிராஃப் கட்சியும் பேச முடியாது.

மதிய சட்டசபையில் இதைச் சொன்னேன். இரண்டு கட்சியும் தாங்கள் ஜெயித்ததாக அறிவித்துவிட்டு ரசம் சாதத்துக்குப் போய்விட்டன.

* * *

விலை விஷயத்துக்கு வருவோம். மாசக் கடைசியில் இருக்கிறவர்களுக்கு முக்கியமான பகுதி.

2017ல் ஜெரோன் ப்ரீபார்ட் என்பவர் 283 ஹெட்ஃபோன்களின் அளவுகளை எடுத்து, அவற்றின் விலையோடு ஒப்பிட்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். விலைக்கும் அந்தக் கோட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்பது முடிவு. கட்டுரையின் தலைப்பே அதுதான். காசு கூடக்கூடக் கோடு செம்மையாகும் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தது கதை.

பி.காம் முதல் வருஷத்தில் குறைந்துசெல் பயன்பாட்டு விதி என்று ஒன்று வரும். முதல் தோசை அமிர்தம், நாலாவது தோசை கடமை. ஹெட்ஃபோனில் அந்த விதி இன்னும் சீக்கிரம் வேலை செய்கிறது. சில சமயம் இரண்டாவது தோசையே முதலைவிட மோசம், விலை மட்டும் பத்து மடங்கு.

பின்னே எதற்கு ஜனங்கள் "அடேயப்பா, என்ன ஒரு சவுண்ட்" என்கிறார்கள்? அதையும் பார்த்திருக்கிறார்கள். 1994ல் ஃப்ளாய்ட் டூல் என்பவரும் மேலே சொன்ன ஷான் ஆலிவும் ஹார்மன் ஊழியர்கள் 40 பேரை உட்கார வைத்து ஸ்பீக்கர்களுக்கு மார்க் போடச் சொன்னார்கள். ஒரு தடவை திரைக்குப் பின்னால் வைத்து, ஒரு தடவை கண்ணெதிரே வைத்து. கண்ணில் பட்டதும் பெரிய, விலை கூடின பெட்டிகளின் மார்க் ஏறியது. சின்ன மலிவுப் பெட்டியின் மார்க் சரிந்தது. அதே ஸ்பீக்கர், அதே காது. நடுவில் கண் புகுந்து மார்க்கைத் திருத்திவிட்டது. இத்தனைக்கும் இவர்கள் தொழில் தெரிந்தவர்கள்.

இதைப் படித்த பிறகு எங்கள் இரண்டு தலைவர்களையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்துக் கண்ணில் கர்சீப் கட்டினேன்.

முதலில் கிராஃப் நண்பர். இரண்டு ஹெட்ஃபோன்கள். பாஸ் மிதமிஞ்சின, அவர் பாஷையில் 'கண்றாவிக் கோடு' உள்ளதைக் கேட்டுவிட்டு, "இதுதான் சுத்தம்" என்றார். கர்சீப்பை அவிழ்த்ததும் முகம் மாறி, "வால்யூம் இதுல ஜாஸ்தி வெச்சிருக்கே" என்றார். பார்த்தால் உண்மைதான். ஒரு மயிரிழை அதிகம். அந்த மயிரிழை போதும். சற்றே உரக்க ஒலிப்பது சற்றே நல்லதாகத் தோன்றுவது காதின் சுபாவம். அதிலும் பாஸ். வால்யூம் ஏற ஏறத்தான் கீழ்ஸ்தாயி நமக்கு முழுசாகக் கேட்க ஆரம்பிக்கிறது. இதை 1933லேயே பெல் லாபரட்டரியில் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் அளந்து சொல்லிவிட்டார்கள். பழைய டூ-இன்-ஒன்களில் 'லவுட்னஸ்' என்று ஒரு பட்டன் இருக்குமே, எதற்கென்று தெரியாமலே அழுத்தி வைத்திருப்போமே, அது இதற்காக வந்ததுதான். மெதுவாகக் கேட்கும்போது காணாமல் போகிற பாஸை ஈடுகட்ட.

அடுத்து காது நண்பர். ஒரே ஹெட்ஃபோனை இரண்டு தடவை மாட்டினேன். முதல் தடவை உதட்டைப் பிதுக்கினார். இரண்டாவது தடவை, "ஆஹா, இது வேற லெவல். மேடை அகலமா விரியுது" என்றார். ஒன்றேதான் என்று சொன்னதும் அவரும் அசரவில்லை. "ரெண்டாவது தடவை சரியா உக்காந்துச்சுடா." வேடிக்கை என்னவென்றால் அதுவும் உண்மையாக இருக்கலாம். மெத்தை காதோடு சரியாகப் பொருந்தாமல் ஓரத்தில் இடைவெளி விழுந்தால் பாஸ் ஒழுகிப் போய்விடும். மூக்குக்கண்ணாடிக் காம்பு போதும் அதற்கு.

இரண்டு பேரும் தோற்றார்கள், இரண்டு பேருக்கும் நல்ல வக்கீல் கிடைத்தார்.

* * *

கிராஃப் கட்சியால் இன்று வரை ஜீரணிக்க முடியாத ஒரு கேஸ் இருக்கிறது. கிராடோ.

நியூயார்க்கில் புரூக்ளின் பகுதியில் 1953ல் ஜோசப் கிராடோ ஆரம்பித்த குடும்ப வியாபாரம். அந்தக் கட்டடம் அதற்கு முன் அவர்கள் குடும்பத்தின் பழக்கடை. முதலில் ரெக்கார்ட் ப்ளேயர் முள்ளுக்கான கார்ட்ரிட்ஜ், பிற்பாடு ஹெட்ஃபோன். மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ கிண்ணம், மேலே பஞ்சு, பார்த்தால் யுத்தகால வயர்லெஸ் ஆபரேட்டர் ஞாபகம் வரும். காதுக்கு வெளியேயும் திறந்திருப்பதால் நீங்கள் கேட்கிற பாட்டை அறை நண்பரும் பாதி கேட்பார். கோட்டை எடுத்துப் பார்த்தால் அடி பாஸ் சரிந்து கிடக்கிறது, 2,000 ஹெர்ட்ஸ் பக்கம் கூம்பு, அதற்கு மேலே பல்வரிசை மாதிரி ஏற்ற இறக்கம். பரீட்சையில் பாஸ் மார்க் வராது.

ஆனால் கிடார் ஒலிக்கும்போது கம்பி விரலில் உராய்வது தெரிகிறது. பாடுகிறவர் எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கிராடோவைக் காதலிப்பவர்கள் வேறெதையும் காதலிப்பதில்லை. பல வருஷமாக விளம்பரம் கூட அதிகம் செய்யாமலே அவர்கள் வியாபாரம் நடக்கிறது.

எதிர்ப்பக்கத்து உதாரணம் சென்ஹைசரிலேயே இருக்கிறது. 2009ல் எச்.டி.800 என்று ஒன்று கொண்டுவந்தார்கள். விலை ஆயிரம் டாலருக்கு மேல். நுணுக்கம் காட்டுவதில் அசாத்தியம். பின்வரிசை வயலின்காரர் பக்கம் புரட்டுவது கூடக் கேட்கும் என்றார்கள். ஆனால் 6,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு முனை. நுணுக்கத்தோடு சேர்ந்து கொஞ்சம் குத்தலும் வந்தது. "அபாரம், ஆனா ஒரு மணி நேரத்துக்கு மேல முடியலை" என்றார்கள் பல பேர். கம்பெனி காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அந்த முனையை உறிஞ்சிக்கொள்ள உள்ளே ஓர் ஏற்பாடு செய்து எச்.டி.800 எஸ் என்று மறுபடி வெளியிட்டது. காது புகார் கொடுத்தது, கிராஃப் இடத்தைக் காட்டியது, இன்ஜினியர் ரிப்பேர் செய்தார். இரண்டு கட்சியும் கூட்டணி வைத்தால் ஆட்சி இப்படித்தான் நடக்கும்.

பாஸ் கோஷ்டியை மட்டமாகப் பேசினவர்களுக்கு ஒரு தகவல். 2008ல் டாக்டர் டிரே என்ற ராப் கலைஞர் பெயரில் பீட்ஸ் ஹெட்ஃபோன்கள் வந்தபோது பண்டிதர்கள் எல்லாம் சிரித்தார்கள். "குடத்துக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கு" என்றார்கள். 2014ல் ஆப்பிள் அந்தக் கம்பெனியை 300 கோடி டாலருக்கு வாங்கியது. சிரித்த பண்டிதர்களில் யாருக்கும் அப்படி ஒரு செக் வந்ததாகத் தகவல் இல்லை.

* * *

எனக்கு இதெல்லாம் காப்பி விவகாரமாகவே தெரிகிறது.

சிக்கரி கலக்காத சுத்தமான காப்பிதான் உசத்தி என்று ஒரு சாரார். 80க்கு 20 கலந்தால்தான் கலரும் கெட்டியும் வரும் என்று இன்னொரு சாரார். சிக்கரி என்பது காப்பியே இல்லை, அது ஒரு வேர். டெக்னிக்கலாகக் கலப்படம். ஆனாலும் கோடிக்கணக்கான பேர் காலையில் அதைக் குடித்துவிட்டுத்தான் மனுஷனாகிறார்கள். வால்வு ஆம்ப்ளிஃபயரும் இதே ஜாதி. ஒரு ஸ்வரத்தைக் கொடுத்தால் அதன் மேல்ஸ்தாயியையும் லேசாகச் சேர்த்துத் தருகிறது. அளந்தால் பிழை. கேட்டால் இதம். யாரும் புகார் கொடுப்பதில்லை.

நம் சட்டம் இதில் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது. சிக்கரி கலக்கலாம், ஆனால் பாதிக்கு மேல் காப்பியாக இருக்க வேண்டும், எத்தனை சதவீதம் என்று பாக்கெட்டில் அச்சடிக்க வேண்டும். குடிப்பவன் நாக்குக்குச் சட்டம் கிடையாது. விற்பவன் லேபிளுக்கு உண்டு.

ஹெட்ஃபோனில் கிராஃப் என்பது அந்த லேபிள்தான். எனக்கு என்ன பிடிக்க வேண்டும் என்று சொல்ல அதற்கு அதிகாரமில்லை. என்ன கலந்திருக்கிறது என்று சொல்ல அதைவிட்டால் வேறு ஆள் இல்லை. அட்டைப்பெட்டியில் '20 - 20,000' என்று அச்சடித்திருப்பது லேபிள் ஆகாது. நடுவில் எத்தனை மேடு, எத்தனை பள்ளம் என்று சொல்லாத வரைக்கும் அது 'சென்னை - டெல்லி சாலை உண்டு' என்று சொல்வதற்குச் சமம். உண்டு, சரி. குழி எத்தனை?

* * *

"இவ்வளவு அலட்டல் எதற்கு, பாட்டு கேட்கிற சாமான்தானே" என்று ஒருவர் நினைக்கலாம்.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஓர் அறையில் மூன்று கட்டில். இல்லாவிட்டால் புறநகரில் ஹாலிலேயே படுக்கிற குடும்பம். காலையில் பஸ், பகலில் மேனேஜர், ராத்திரி டி.வி. சீரியல். ஒரு நாளில் இருபத்துமூன்று மணி நேரம் அடுத்தவர்களின் சத்தத்தில் போய்விடுகிறது. மிச்சமிருக்கிற ஒரு மணி நேரத்தில் ஓர் இளைஞன் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்கிறான். அவனுக்குச் சொந்தமாக இருக்கிற ஒரே அறை அது. சதுர அடி கணக்கில் வராத அறை. அதற்கு என்ன வர்ணம் அடிப்பது என்று அவன்தான் முடிவு செய்ய வேண்டும். கிராஃப்காரரும் சொல்லக் கூடாது, கடைக்காரரும் சொல்லக் கூடாது. அது அவனுடைய ருசியா, அல்லது விலைச்சீட்டு அவன் காதில் ஓதின ருசியா என்பதுதான் விஷயம். இரண்டாவது என்றால் அந்த அறையிலும் அவன் வாடகைக்குத்தான் இருக்கிறான். பன்னிரண்டு மாத ஈ.எம்.ஐ.யுடன்.

ஆகவே வாங்கப் போகிறவர்கள், பர்ஸை எடுப்பதற்கு முன்:

சிநேகிதனைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவன் மாட்டிவிடட்டும், நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். விலையைக் கேட்காதீர்கள். இரண்டும் ஒரே உரப்பில் ஒலிக்கிறதா என்று முதலில் சரிபாருங்கள். கடையில் போட்டுக் காட்டுகிற பாட்டு வேண்டாம், அது அந்தப் பெட்டிக்கென்றே பொறுக்கின பாட்டு. பத்து வருஷமாக உங்களுக்கு மனப்பாடமான ஒன்றைப் போடச் சொல்லுங்கள். அதில் எங்கே மூச்சு விடுவார், எங்கே தவில் உருளும் என்பது உங்களுக்குத் தெரியும். கிராஃப் கிடைத்தால் பாருங்கள். இரைச்சல், குத்தல், ஓட்டை எங்கே என்று அது சொல்லும்.

இதெல்லாவற்றுக்கும் முன்னால், கையில் இருக்கிற பழைய ஹெட்ஃபோனை எடுத்து ஃபோனில் ஈக்வலைஸரைத் திறந்து பாஸையும் ட்ரெபிளையும் நாலு நாள் இஷ்டத்துக்குத் திருப்பிப் பாருங்கள். ஹார்மன்காரர்கள் குமிழ் கொடுத்துச் செய்ததைத்தான் நீங்களும் செய்கிறீர்கள். உங்கள் ருசி எது என்று தெரிந்துவிடும். பல பேருக்கு அத்தோடு புது ஹெட்ஃபோன் ஆசை தீர்ந்துவிடுகிறது. செலவு பூஜ்யம். கடைக்காரர்கள் மன்னிக்க.

"இருநூறு மணி நேரம் ஓடினாத்தான் சவுண்ட் திறக்கும்" என்று யாராவது சொன்னால், பழகுவது பெரும்பாலும் மெஷின் இல்லை, நீங்கள்தான் என்று தெரிந்துகொள்ளுங்கள். மாமியார் வீட்டுச் சாப்பாடும் இருநூறு வேளைக்கு அப்புறம் திறந்துகொள்கிறது.

* * *

கடைசியாக ஒரு கணக்கு. இது ருசி கட்சி, கிராஃப் கட்சி இரண்டுக்கும் பொது.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொலைத்தொடர்பு சங்கமும் 2019ல் ஒரு வரையறை கொடுத்தன. பெரியவர்கள் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகிவிடும். 83க்கு 20 மணி. 86க்கு 10 மணி. 89க்கு 5 மணி. பஸ் இரைச்சலை மீறிக் கேட்க வால்யூமைத் தள்ளுகிறவர்கள் வாரக் கோட்டாவைச் செவ்வாய்க்கிழமையே தீர்த்துவிடுவார்கள்.

பிறக்கும்போது ஒரு காதுக்குள் ஒலி உணரும் நுண்மயிர் செல்கள் சுமார் 15,000. போனால் போனதுதான், முளைக்காது. வழுக்கைக்காவது விக் உண்டு. அகவுன்டன்ஸி பாஷையில் சொன்னால் இது தேய்மானம் உள்ள சொத்து. வருஷா வருஷம் மதிப்பு குறையும், ஸ்க்ராப் வேல்யூ கிடையாது, புதுசு வாங்கவும் வழியில்லை. எந்தக் கம்பெனி கோட்டை எவ்வளவு அழகாக வளைத்தாலும், அதைக் கடைசியில் வாங்கிக்கொள்கிற சாமான் இந்த இரண்டுதான்.

35 லட்சத்து எச்.ஈ.1ஐ வாங்கினவர் அதைத் தூசி படாமல் துணி போட்டுத்தான் மூடி வைத்திருப்பார். காது இரண்டும் இலவச இணைப்பாக வந்துவிட்டதால், வாரன்ட்டி கார்டை யாரும் படிப்பதில்லை.